மீன் வாங்கும் முன்: வீட்டில் ஒரு சிறு கடல்நீர்த் தொட்டி



கீழக்கரையில் நம் வீட்டு முன்னறையில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை அமைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மாலை வேளையில் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தத்தம் வீடுகளில் நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அஸர் தொழுது வெளியே வரும்போது பெற்றோர் சிலர் நம்மை நிறுத்தி, "ஹஜ்ரத், எவ்வளவு செலவாகும்? எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நின்ற இடத்திலேயே விடை சொல்லிவிடலாம். எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடல்நீர்த் தொட்டியில் மீன் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் முடிவாகிறது. ஆகவே அதையும் சேர்த்து இங்கே விரிவாகவே எழுதுகிறோம்.

பிள்ளைகள் இருவரும் இரண்டு பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, வீட்டில் முதலில் எழுந்தது பணப் பேச்சு அன்று. நம் இல்லாள்தான் கேட்டார்: "கடலில் உலவும் உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்து வேடிக்கை பார்ப்பது நமக்கு ஆகுமா?" நல்ல கேள்வி. ஓதிக் கொடுப்பவர் வீட்டில் இக்கேள்வி எழாமல் போனால்தான் வியப்பு.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரிடம் ஒரு சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரைக் காணும்போதெல்லாம் அப்பறவையைப் பற்றிக் கனிவோடு விசாரிப்பார்கள். பறவையை வளர்ப்பதை அவர்கள் தடுக்கவில்லை என்பதைக் கொண்டு, துன்புறுத்தாமல் உணவும் நீரும் கொடுத்து வளர்ப்பது ஆகும் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். மறுபுறம், பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான செய்தியும் நாம் அறிந்ததே. அவள் உணவும் கொடுக்கவில்லை. தானே தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அச்செய்தியின் கடுமை முழுவதும் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம். தொட்டியிலுள்ள மீனும் அப்படித்தான். தனக்கு வேண்டியதைத் தேடிப் போக அதற்கு வழியில்லை. உணவு மட்டுமல்ல, அது சுவாசிக்கும் நீரும் நாம் கொடுத்தால்தான் உண்டு.

எனவே வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நீர் தயாராகிவிட்டது என்று சோதனையில் தெரியும்வரை ஓர் உயிரும் இவ்வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. இதை மகன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். பின்னர் அத்தாள் பெரும் சங்கடம் ஒன்றை உண்டாக்கிற்று. அதைப் பிறகு சொல்கிறோம்.

"கடல் தெருமுனையிலேயே இருக்க, கடல்நீரை ஏன் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும்?" என்று கேட்காதவர் நம் ஊரில் இல்லை. ஆழமான, தெளிந்த இடத்திலிருந்து எடுத்து, வடிகட்டி, இருட்டில் மூடி வைத்துப் பயன்படுத்துவோர் உண்டு, அதில் தவறில்லை. ஆயினும் கரையோர நீரில் சாக்கடையும் படகு எண்ணெயும் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைக்கடலின் உப்பும் குறைந்துவிடும். அளந்து பார்க்கத் தெரியாத தொடக்கநிலையில், ஒவ்வொரு குடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும் நீரை நம்பி இறங்குவது கடினம். ஆகவே மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை வாங்கினோம். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டு, பைகார்பனேட்டு எல்லாம் அதனதன் அளவில் இருக்கின்றன. அளவு மாறினால் மீனின் உடல் தாங்காது.

கடலிலிருந்து கல் எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மீன்தொட்டிக்குப் பவளக்கல் வேண்டும், நம் கரையில்தான் கிடக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. எடுக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைப் புலி, யானையோடு ஒரே பட்டியலில் வைத்துக் காக்கிறது. கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்பட்டியலில் உள்ளன. நம் கண்ணெதிரே இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. மொத்தம் 21 தீவுகள். அவற்றில் ஒரு தொகுதிக்குக் கீழக்கரையின் பெயரே வழங்குகிறது. 21இல் இரண்டு இன்று நீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இக்கடற்கரையின் பழைய கட்டடங்களில் பவளக்கல்லை இன்றும் பார்க்கலாம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர் அக்கல்லால் ஆனதுதான். சூரத்துர் ரஹ்மானை மனப்பாடமாக ஓதும் நம் பிள்ளைகள் 'மர்ஜான்' என்ற சொல்லை ராகத்தோடு நீட்டுவார்கள். அது உயிருள்ள ஒன்று, கோடிக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டுவது என்று சொன்னபோது ஒரு பையன் நம்பவே இல்லை. கல் எப்படி ஹஜ்ரத் சாப்பிடும் என்று கேட்டான்.

நம் தொட்டியில் இருப்பது தொழிற்கூடத்தில் சுட்டெடுத்த செராமிக் பாறை. நுண்துளைகள் நிறைந்தது. பார்வைக்கு முதலில் வெள்ளையாக, கட்டடம் இடித்த கல்லைப் போல இருந்தது. இரண்டு மாதத்தில் பழுப்பும் பச்சையும் ஏறிக் கடல் கல்லாகவே ஆகிவிட்டது.

இனி தொட்டி. சிறியதாக இருந்தால் பராமரிப்பது எளிது என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. நீர் குறைவாக இருந்தால் எல்லாம் வேகமாகக் கெடும். நாம் வைத்தது இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்கிட்டால் 88 லிட்டர். மணலும் பாறையும் போக நிற்கும் நீர் ஏறத்தாழ 70 லிட்டர். தொடங்குபவர்கள் இதற்குக் கீழே போக வேண்டாம் என்பது நம் கருத்து. கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும் என்பதால் சாதாரண மேசை தாங்காது. வெயில் விழும் சன்னலோரமும் ஆகாது.

ஃபிக்ஹு பாடத்தில் தண்ணீர்ப் பிரிவை ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் தொட்டியைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இது இரண்டு குல்லா வராது" என்றார். வராதுதான். இரண்டு குல்லா என்பது ஏறத்தாழ 200 லிட்டர். இது அதில் பாதியும் இல்லை. நூலில் படித்ததை வீட்டுப் பொருளில் பொருத்திப் பார்த்த அம்மாணவருக்கு அன்று நாம் ஒரு மாம்பழம் கொடுத்தோம்.

மற்றப் பொருள்கள் சிலவே. கண்ணாடியின் பின்புறம் மாட்டும் வடிகட்டி, அலைபோல் நீரைத் தள்ளும் சிறு மோட்டார், வெப்பமானி, எளிய விளக்கு, மேலே மூட வலை. பவளம் வளர்க்காதபோது விலையுயர்ந்த விளக்கு வீண் செலவு. கடையில் விற்கும் பொம்மைக் கப்பலும் நிறக் கற்களும் அப்படியே. பணத்தைச் செலவிட வேண்டியது அளக்கும் கருவிகளில்தான். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று. அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு பார்க்கும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று. இவ்விரண்டும் இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைப்பது, தராசு இல்லாமல் தங்கம் விற்பது போல.

மின்கம்பியைப் பற்றி ஒரு வரி. தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குச் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். கம்பி வழியே நீர் வழிந்தால் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பிள்ளைகள் புழங்கும் வீட்டில் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும்.

ரஜப் மாதத் தொடக்கத்தில் உப்பு கரைத்தோம். கிணற்று நீர் நம் ஊரில் இயல்பிலேயே உவர்ப்பு. குழாய் நீரில் குளோரின். ஆகவே ஆர்.ஓ. நீர்தான். லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல் உப்பு என்ற கணக்கில், 70 லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கு அதிகமாகப் பிடித்தது. நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; உப்பின்மேல் நீரை ஊற்றினால் சில பொருள்கள் கரையாமல் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். மோட்டாரை ஓடவிட்டு ஓரிரவு வைத்தோம். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மகன் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்தின் பக்கம் தூக்கிப் பார்த்து, "முப்பத்தைந்து வாப்பா!" என்று கத்தினான். கடலின் உப்பளவும் ஏறத்தாழ அதுவே, ஆயிரத்துக்கு 35. அவன் தங்கை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஆமோதித்தாள்.

அதன் பிறகு தொட்டியில் நீர், மணல், பாறை, ஓடும் மோட்டார் தவிர வேறொன்றும் இல்லாத ஆறு வாரங்கள்.

இக்காலத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டால் காத்திருப்பது கடினமாகத் தோன்றாது. மீன் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியா ஆகின்றன. அம்மோனியா மீனின் செவுளைச் சுட்டுவிடும் நஞ்சு. கடல்நீரின் காரத்தன்மையும் நம் ஊர் வெப்பமும் அந்நஞ்சை இன்னும் கடுமையாக்குகின்றன. அல்லாஹ் படைத்த நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் இந்த அம்மோனியாவை உட்கொண்டு நைட்ரைட்டு ஆக்குகிறது. நைட்ரைட்டும் நல்லதன்று. இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு ஓரளவு இருந்தாலும் மீன் தாங்கும். வாரந்தோறும் கொஞ்சம் நீர் மாற்றி அதைக் குறைத்துவிடலாம். இந்த இரு கூட்டங்களும் பாறையின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நாளாகும். அவசரப்படுத்தினாலும் அவை தம் வேகத்தில்தான் பெருகும். அவை வருமுன் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். "தண்ணீர் ஊற்றி இரண்டு நாளில் மீன் விட்டுவிடலாம் பாய்" என்று நம்மிடம் சொன்ன கடைக்காரர் ஒருவர் உண்டு. அவர் மீன் விற்பவர்; மீன் செத்தால் மறுபடியும் அவரிடம்தானே போக வேண்டும்.

நுண்ணுயிர்களுக்கு முதல் உணவு வேண்டுமல்லவா? அதற்கு உயிருள்ள மீனைச் சோதனைப் பொருளாகப் போடும் வழக்கமும் இருக்கிறது. அது நமக்கு உவப்பில்லை. மீன்கடையிலிருந்து ஓர் இறாலை வாங்கி, உரிக்காமல் ஒரு வலைத்துணியில் கட்டித் தொட்டிக்குள் போட்டோம். அது அழுக அழுக அம்மோனியா ஏறியது. முன்னறையில் சில நாள் நாற்றமும் ஏறியது. விருந்தினர் வரும்போது இல்லாள் சாம்பிராணி போட்டுச் சமாளித்தார்.

நான்கு நாளுக்கு ஒருமுறை சோதனை. குழாயில் நீர் எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறம் மாறக் காத்திருக்க வேண்டும். அம்மோனியா இல்லையெனில் மஞ்சள், இருந்தால் பச்சை, அதிகமானால் கரும்பச்சை. மாலையில் ஓத வரும் பிள்ளைகள் அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல, மகன் நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்வான். "மீன் எங்கே?" என்று முதல் வாரம் கேட்ட பிள்ளைகள் மூன்றாம் வாரம் "இன்றைக்கு என்ன நிறம்?" என்று கேட்டார்கள். வெறும் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்த அந்த நாள்களே நமக்கு மிகவும் பிடித்தவை.

சங்கடம் வந்தது பன்னிரண்டாம் நாள்.

இல்லாளின் தம்பி துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அக்காள் பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருப்பவர். மதுரைக்குப் போனவர், வெறும் தொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் ஏங்குகிறார்களே என்று, இரண்டு பாலித்தீன் பைகளில் மீன்களை வாங்கிக்கொண்டு லுஹர் நேரத்தில் வந்து இறங்கினார். ஒரு பையில் செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டையுடன் கோமாளி மீன். மற்றதில் உள்ளங்கை அளவில் நீலநிறச் சர்ஜன் மீன். அது வளர்ந்தால் ஓரடி வரை வரும். பவளப்பாறை நெடுக நீந்தித் திரியும் இனம். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைதான். அன்று காலைச் சோதனையில் நீர் கரும்பச்சை.

பிள்ளைகள் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியையும், அடுத்த கணமே மகன் திரும்பிச் சுவரிலிருந்த தாளைப் பார்த்ததையும் நாம் கவனித்தோம். மச்சான் பையைத் தொட்டியில் மிதக்கவிடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினோம். நீரின் நிலையை எடுத்துச் சொன்னோம். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஆசையாக் கொண்டுவந்த அன்பளிப்பை வேண்டாம்னு சொல்றதுதான் சுன்னத்தா மச்சான்?" என்றார்.

இதற்குச் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. அன்பளிப்பை ஏற்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். உறவினர் மனத்தை முறிப்பது சிறிய விஷயமன்று. வாங்கி விட்டுவிட்டால் மச்சான் மகிழ்வார். மீன்கள் இரண்டு நாளோ மூன்று நாளோ துடித்துப் போகும். பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். பேசிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, பையிலிருந்த ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அதை அடைத்தவருக்கே வெளிச்சம். கடைசியில் இல்லாள்தான், "அன்பளிப்பை வாங்கிக்கொண்டோம் தம்பி, அது நம்முடையதுதான். இந்த வீட்டில் அது பிழைக்காது. பிழைக்கும் இடத்தில் வைப்போம்" என்றார். இராமநாதபுரத்தில் நம் பழைய மாணவர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு மகனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மச்சானையும் அழைத்தோம். அவர் வரவில்லை. மஃரிபுக்குமுன் மீன்கள் அங்கே தனித் தொட்டியில் விடப்பட்டன. நாம் திரும்பி வந்தபோது மச்சான் சாப்பிடாமலே தம் உம்மா வீட்டுக்குப் போயிருந்தார். இல்லாள் அன்று இரவு சரியாகப் பேசவில்லை. அடுத்த மூன்று வாரம் மச்சானிடமிருந்து அழைப்பு இல்லை. சலாம் சொல்லி அனுப்பினால் பதில் சலாம் மட்டும் வரும்.

முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே இல்லை என்று காட்டின. உறுதி செய்துகொள்ள மறுபடியும் கொஞ்சம் தீனியைப் போட்டு அழுகவிட்டுப் பார்த்தோம். அடுத்தடுத்த சோதனைகளிலும் மஞ்சள்தான். நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஷஅபான் நடுவில், பாதி நீரை மாற்றிவிட்டு, மீனுக்குப் புறப்பட்டோம்.

கடலில் பிடித்த மீனை வாங்காமல், பண்ணையில் பொரித்து வளர்த்த மீனையே கேட்டு வாங்குங்கள். தென்கிழக்காசியக் கடல்களில் சயனைடு கரைசலைப் பாறையிடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை நடந்துவந்திருக்கிறது; அப்படிப் பிடித்த மீன் வந்த சில வாரத்தில் செத்துவிடுவதும் உண்டு, பாறையிலுள்ள பவளமும் அழியும். கோமாளி மீனைப் பொறுத்தவரை அதற்கு அவசியமே இல்லை. நம் மாவட்டத்து மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது. தூள் தீனியை உடனே தின்னும். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் இல்லை.

பெருவிரல் நீளத்தில் இரண்டு குஞ்சுகள் வாங்கினோம். பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் எடுத்து விட்டோம். பை நீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. விளக்கை அணைத்திருந்தோம். இரண்டும் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. ஆறு வாரம் காத்திருந்த பிள்ளைகள் இருட்டுத் தொட்டியின்முன் அரைமணி நேரம் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கோமாளி மீன்கள் எல்லாம் பிறக்கும்போது ஆண்தான். இரண்டு சேர்ந்தால் பெரியது, வலியது பெண்ணாக மாறிவிடும். சின்னது ஆணாகவே நிற்கும். முட்டையிட்டால் அதைக் காத்து, துடுப்பால் விசிறி வளர்ப்பது தந்தை. பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். படைத்தவனின் ஆற்றலைப் பற்றி நாம் பாடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். இதைக் கேட்டபோது வாய் திறந்து நின்றதைப் போல் பிள்ளைகள் எதற்கும் நின்றதில்லை. கடற்சாமந்தி இல்லாமலும் இவை நலமாக வாழும். நாம் அதை வைக்கவில்லை.

நல்ல கவனிப்பில் இவை பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. மகனுக்கு இப்போது 11 வயது. மீன் வாங்கும் முன் இந்தக் கணக்கை அவனிடம் சொல்லித்தான் வாங்கினோம்.

அன்றாட வேலை அதிகமில்லை. ஆனால் விட முடியாதது. இரண்டு வேளை தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. அதிகமாகப் போடுவதுதான் அன்பு என்று வீட்டுக்கு வரும் பெரியவர்கள் நினைக்கிறார்கள். தீனிப் புட்டி இப்போது அலமாரியின் மேல்தட்டில். வாரம் ஒருமுறை ஏழு லிட்டர் நீரை எடுத்துவிட்டு, முந்தைய நாளே கரைத்து வைத்த உப்புநீரை ஊற்றுகிறோம். வடிகட்டிப் பஞ்சை அந்த எடுத்த நீரிலேயே அலசுவோம். குழாய் நீரில் அலசினால் ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர்கள் குளோரினில் போய்விடும்.

தொடங்குபவர் பலர் தடுமாறும் இடம் ஆவியாதல். நீர்தான் ஆவியாகும்; உப்பு தொட்டியிலேயே நிற்கும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஒரு வாரம் விட்டால் 70 லிட்டர் 63 ஆகும். 35 இருந்த உப்பளவு 39 ஆகிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அன்று. நாம் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். மகள் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அக்கோடு வரை ஆர்.ஓ. நீரை நிரப்புவாள். ரமளானிலும் இந்த வேலை நிற்கவில்லை. "மீனுக்கு நோன்பு கிடையாது" என்று சொல்லிக்கொண்டே, நோன்பு திறக்கக் கால் மணி இருக்கையில் தீனி போட்டுவிட்டு வந்து உட்காருவாள்.

இப்போது கோடை. இம்மீன்களுக்கு 25, 26 பாகை ஏற்றது. நம் ஊரில் அறையின் வெப்பமே அதைவிட மிக அதிகம். வெளிநாட்டுக் குறிப்புகளில் நீரைச் சூடாக்கும் கருவி வாங்கச் சொல்வார்கள். நமக்கு அது தேவையே இல்லை. குளிரூட்டும் இயந்திரத்தின் விலையோ தொட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதுவும் குறையும். கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலை போட்டது இதற்காகவும்தான். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றை மாட்டியிருக்கிறோம். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறிப் போயின. கடலுக்கே அந்நிலை என்றால் 70 லிட்டர் எம்மாத்திரம்.

மச்சான் விடுப்பு முடிந்து போவதற்கு முந்தைய நாள், அக்காளிடம் சொல்லிக்கொள்ள வந்தார். மீன்கள் வந்து நான்கு நாள் ஆகியிருந்தன. தொட்டியின்முன் நாற்காலியைப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் எதுவும் பேசவில்லை. வழியில் இராமநாதபுரத்தில் இறங்கி அந்த நீல மீனையும் பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகு மாணவர் சொன்னார். இப்போது வாரம் இருமுறை துபாயிலிருந்து அழைக்கிறார். சலாம் சொன்னதும் அக்காள் நலம் கேட்பதற்குமுன் கேட்பது, "இன்றைக்குத் தண்ணி எத்தனை டிகிரி மச்சான்?" என்பதுதான். நேற்று 29. விசிறியின் வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்.